நன்றி சொல்ல இரண்டு நிமிடமா?



இது நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து படியுங்கள். நடுவில் கோபம் வந்தால் முழுவதும் படித்து முடித்துவிட்டுத் திட்டுங்கள். 34 வருடம் உங்களைத் திட்டியவள் நான். திட்டு வாங்கவும் தெரியும்.

நம் பள்ளியில் 1998-ல் எட்டாம் வகுப்பு முடித்த செட் பிள்ளைகள் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். போன வாரம் அதில் ஒரு நிகழ்ச்சி நிரல் வந்தது. பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஒரு கல்யாண மண்டபம். நம் வீடுகளில் சும்மா கிடக்கும் துணிமணி, பாத்திரம், பை, பொம்மை எல்லாவற்றையும் சேர்த்து, ஆரணியிலும் சுற்றுப்பக்கத்திலும் தறி ஓட்டிக் கஷ்டப்படுகிற 40 குடும்பங்களை அழைத்து மேடையில் கொடுப்பது. நல்ல எண்ணம். படித்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான்காவது வரியில் தலைமை என்று என் பெயரைப் போட்டிருந்தார்கள், அதிலும் சந்தோஷம். ஏழாவது வரி இப்படி இருந்தது: "பயனாளிகள் நன்றி தெரிவித்தல் – குடும்பத்துக்கு 2 நிமிடம்."

நான் கணக்கு டீச்சர். 40 குடும்பம், தலா 2 நிமிடம், 80 நிமிடம். வரவேற்புரைக்கு 10 நிமிடம், சாப்பாட்டுக்கு 45 நிமிடம். ஆக அன்றைய விழாவிலேயே பெரிய நிகழ்ச்சி இதுதான். ஒரு மணி இருபது நிமிடம் நாற்பது பேர் ஒருவர் பின் ஒருவராக மைக் முன்னால் நின்று உங்கள் பழைய சுடிதாருக்கும் பழைய குக்கருக்கும் நன்றி சொல்வார்கள். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து வீடியோ எடுப்பீர்கள்.

"டீச்சர், எதுவும் சொல்லலையே?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். குழுவில் சொன்னால் சண்டையாகும் என்று பேசாமல் இருந்தேன். இப்போது எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் வர மாட்டேன். அந்த ஏழாவது வரி இருக்கிறவரை நீங்களும் அதை நடத்தக் கூடாது.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் தப்பைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

1992 பொங்கல் சமயம். அப்போது எனக்கு இரண்டாம் வகுப்பு. வகுப்பில் ஒல்லியாக ஒரு பெண். அப்பா கூலிக்கு நெய்பவர், அம்மா வீட்டில் தார் சுற்றிக் கொடுப்பாள். என் மகள் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அவளுக்குச் சின்னதாகிப்போன பாவாடை சட்டை ஒன்று இருந்தது. கிழிசல் இல்லை, நல்ல துணி. அதை ஒரு பையில் போட்டு எடுத்துப் போய், வகுப்பில் எல்லோர் முன்னாலும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். "டீச்சருக்கு நன்றி சொல்லு" என்றேன். சொன்னாள். மற்ற பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னேன். தட்டினார்கள். எனக்கு அன்று மனது நிறைந்து போயிற்று.

பள்ளிப் பொங்கல் விழாவுக்கு அவள் அதைப் போட்டுக்கொண்டு வந்தாள். என் மகள் பார்த்துவிட்டாள். ஓடிப்போய், "இது என் பாவாடை. நான் மை கொட்டின கறை இருக்கு பாரு" என்று ஓரத்தைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். எட்டு வயதுக் குழந்தை, அதற்கு என்ன தெரியும்? தெரிந்திருக்க வேண்டியது எனக்கு.

அந்தப் பெண் ஐந்து நாள் பள்ளிக்கு வரவில்லை. ஆறாவது நாள் நான் வீட்டுக்குப் போனேன். அம்மா அந்தப் பாவாடையைத் துவைத்து மடித்து அதே பையில் போட்டு வைத்திருந்தாள். "பாவாட நல்லாத்தான் இருக்குது டீச்சர். அது போட மாட்டேன்னுது. நான் இன்னா பண்ணட்டும்?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் கோபம். வாங்கிக்கொண்டு வந்து ஆசிரியர் அறையில், "கொடுத்தாலும் நன்றி இல்லாத ஜனங்கள்" என்று சொன்னேன். பல வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். தமிழ் ஆசிரியர் லீவில் போனபோது 'செய்ந்நன்றி அறிதல்' அதிகாரத்தை நான் நடத்தினேன். அதற்கும் இந்தக் கதையையே உதாரணமாகச் சொன்னேன், பெயர் சொல்லாமல். அந்த வகுப்பிலேயே அவள் உட்கார்ந்திருந்தாளா என்று இப்போது யோசித்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அவள் இந்தக் குழுவில் இருக்கிறாளா இல்லையா என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் செட்டில் 52 பேர். அதில் பாதிக்கு மேல் தறி வீட்டுப் பிள்ளைகள். உங்கள் அம்மாவை யாராவது மேடையில் ஏற்றி, 2 நிமிடம் நன்றி சொல்லச் சொல்லியிருந்தால் நீங்கள் கீழே உட்கார்ந்து கைதட்டியிருப்பீர்களா?

அன்று அந்த வீட்டில் நான் கவனிக்காமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. குழித்தறியில் பாதி நெய்த அரக்குப் பட்டு. யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தச் சேலை. நான் கல்யாணத்தில் கட்டியதும் அதே அரக்குதான், இதே ஊரில் ஏதோ ஒரு வீட்டில் நெய்ததுதான். அதை நெய்தவருக்கு நான் நன்றி சொன்னதில்லை. எங்கள் வீட்டில் யாரும் மைக் பிடித்து 2 நிமிடம் பேசியதில்லை. அவர் பெயரே தெரியாது. காசு கொடுத்தோமே என்பீர்கள். கடைக்குக் கொடுத்தோம். அதில் தறிக்குப் போனது எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெளியூரில் இருக்கும் உறவினர்களுக்காகவும், பெங்களூரிலும் துபாயிலும் வளரும் பேரப்பிள்ளைகளுக்காகவும் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். பட்டு நெய்வது ஒருவர் வேலை கிடையாது. கச்சாப் பட்டை முறுக்கேற்றி, சாயம் போட்டு, பாவு ஓட்டி, தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிச் சீராக்கி, தறியில் பிணைத்து, பிறகுதான் நாடா ஓடும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் இழைகள். ஒன்று அறுந்தாலும் நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். கால் குழிக்குள், கண் இழைமேல், நாள் முழுக்க. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்கு ஒரு வாரமும் ஆகும், இருபது நாளும் ஆகும். ஐப்பசி கார்த்திகை மழையில் தெருவில் பாவு போட முடியாது, குழியில் ஈரம் ஊறும், வேலை நிற்கும். வேலை நின்றால் கூலியும் நிற்கும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லோரும் பெருமையாகப் பகிர்ந்தோம். தெருவில் தறிச் சத்தம் மட்டும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறது. கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று 1985-லேயே சட்டம் வந்துவிட்டது. சேலை எடுக்கும்போது "இது கைத்தறியா?" என்று உங்களில் எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? கேட்காமல் விலை குறைந்ததை எடுத்து வருவது, பிறகு கைத்தறிக்காரர் கஷ்டப்படுகிறார் என்று பழந்துணி சேகரிப்பது. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் நெசவாளர் வீட்டுக்கு நேரே போய்ச் சேலை எடுத்தார். மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேரம் பேசி 800 ரூபாய் குறைத்தார். கிளம்பும்போது அந்த வீட்டுக் குழந்தை கையில் 50 ரூபாய் வைத்துவிட்டு, வழி முழுக்க "பாவம், நல்ல ஜனங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தார். 800-ஐ எடுத்துக்கொண்டு 50-ஐக் கொடுத்தவருக்கு நன்றி வேறு வேண்டும். (படித்துக்கொண்டிருந்தால் மன்னிக்கவும். உங்கள் பெயரைச் சொல்லவில்லை.)

ஆக, கடன்பட்டவர் யார் என்பதுதான் என் கேள்வி. ஏழாவது வரியை எழுதினவன் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறான்.

வள்ளுவரையும் இழுத்துவிட்டேன், அதையும் முடித்துவிடுகிறேன். 'செய்ந்நன்றி அறிதல்' என்றுதான் அந்த அதிகாரத்துக்குப் பெயர். பழைய தமிழில் நன்றி என்றால் நன்மை. ஒருவர் செய்த நன்மையை அறிவது. 'அறிதல்' என்று இருக்கிறது, 'சொல்லுதல்' என்று இல்லை, 'சொல்ல வைத்தல்' என்று இல்லவே இல்லை. அது வாங்கினவன் தன் மனசுக்குள் வைத்துக்கொள்ள வேண்டியது. கொடுத்தவன் கையில் பிரம்பாக எடுக்க வேண்டியது இல்லை. உங்களில் வக்கீலான ஒருவன் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறான்: "டீச்சர், 23-வது அதிகாரம் ஈகை, 24-வது புகழ். கொடுத்தால் புகழ் வரும் என்றுதானே வரிசையே?" நல்ல கேள்விதான், எட்டாம் வகுப்பில் இவ்வளவு கவனித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். கண்ணா, புகழ் என்பது ஊர் தானாகச் சொல்வது. நீயே பேனர் அடித்து, நீயே வீடியோ எடுத்து, நீயே பகிர்வதற்கு வேறு பெயர். அப்புறம் 22-ஐ ஏன் விட்டாய்? அங்கே 'ஒப்புரவறிதல்' இருக்கிறது. ஒரே ஊரில் சேர்ந்து வாழ்கிறவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்வது. ஈகைக்கு முன்னால் அதை வைத்திருக்கிறார் பார்.

அடுத்தது பொருள். மண்டபத்துக்கு என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கு முந்தின ஞாயிறு வேறு. போகிக்குக் கொளுத்த வேண்டியதெல்லாம் மூட்டையாக வரும்.

அனுபவத்தில் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். ஜனவரியில் நம் பள்ளியிலும் துணி சேகரித்தோம். நான்தான் முன்னால் நின்றேன். பிள்ளைகள் கொண்டுவந்து குவித்தார்கள். நானும் நான்கு சேலை போட்டேன். ஒன்று சாயம் போனது, ஒன்றில் கரை பிரிந்திருந்தது. "அங்கே ஒன்றுமே இல்லாதவர்களுக்கு இதுவே பெரிசு" என்று நான் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. லாரி ஏற்றிவிட்டோம். பிறகு பத்திரிகைகளில் படம் வந்தது. நாகை பக்கம் சாலையோரம் குவியல் குவியலாகப் பழந்துணி. நாடு முழுவதிலிருந்தும் வந்தது. மீனவர்கள் தொடவில்லை. கடலில் போய்ச் சம்பாதித்து, கையில் காசு இருக்கும்போது புதுசு உடுத்தி வாழ்ந்த ஜனங்கள். வீடும் பிள்ளையும் போன மறுவாரம் ஊரார் கிழிசலை உடுத்துவார்கள் என்று நாம் எப்படி நினைத்தோம்? அந்தக் குவியலில் என் சாயம்போன சேலையும் எங்கேயோ கிடந்திருக்கும்.

டெல்லியில் அன்ஷு குப்தா என்பவர் 1999-ல் தொடங்கிய 'கூஞ்ச்' என்ற அமைப்பு, அப்படித் தேங்கிப்போன துணிகளை எடுத்துப் பிரித்து உபயோகமாக்கும் வேலையைச் செய்தது. அவருக்கு 2015-ல் மகசேசே விருது கிடைத்தது. அவர்கள் நடத்தும் முறை எனக்குப் பிடிக்கும். ஒரு கிராமத்தில் கிணறு தூர்வார வேண்டுமா, பாலம் கட்ட வேண்டுமா, ஊர் ஜனங்களே முடிவு செய்து சேர்ந்து வேலை செய்வார்கள். அந்த வேலைக்கு ஊதியமாகத் துணியும் வீட்டுச் சாமான்களும் போகும். வாங்குகிறவர் உழைத்து வாங்குகிறார். யாரும் யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. வந்த துணியையும் அப்படியே தள்ளிவிடுவதில்லை. தரம் பார்த்து, தைத்துச் சரிசெய்து, எதற்கும் ஆகாத பருத்தித் துணியைச் சுத்தம் செய்து பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களுக்கான அணையாடையாகக்கூட ஆக்குகிறார்கள்.

ஈரானில் மஷ்ஹத் என்ற ஊரில் 2015-ல் ஒரு சுவரில் கொக்கி அடித்து வைத்தார்கள். வேண்டாததை மாட்டலாம், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். திருநெல்வேலி உட்பட நம் மாநிலத்திலும் பல ஊர்களில் 'அன்புச் சுவர்' என்று அது வந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், மாட்டினவர் யார், எடுத்தவர் யார் என்று தெரியாது. பாவாடையைத் தூக்கிக் காட்ட ஆள் இல்லை. ஆனால் அதிலும் சில இடங்களில் கொஞ்ச நாளிலேயே கிழிந்த துணியும் உடைந்த செருப்பும் சேர்ந்து குப்பை மேடாகிவிட்டது. சுவர் என்ன செய்யும்?

நம் மாநிலத்தில் 1983-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் பொங்கலுக்கு இலவச வேட்டி சேலைத் திட்டம் வந்தது. அதைப் பற்றிப் பல குறை சொல்லலாம், தரத்தைப் பற்றி நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அதன் அடிப்படை எனக்கு மரியாதையாகப் படுகிறது. ஏழைக்குத் துணி, அந்தத் துணியை நெய்கிற நெசவாளிக்கு வேலை. பழசை எடுத்துக்கொள் என்று சொல்லவில்லை. புதுசாக நெய்யச் சொல்லிக் கூலி கொடுத்தார்கள். 40 வருடத்துக்கு முன்னால் அரசாங்கத்துக்குத் தோன்றியது படித்த என் பிள்ளைகளுக்குத் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

சொந்தக்காரர்கள் தப்பித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். போன மாதம் என் தம்பி மகன் வீடு மாறினான். "அத்தை, உங்க ஊர்ல யாருக்காவது குடுத்துடுங்க, அவங்க ரொம்ப சந்தோஷப்படுவாங்க" என்று மூன்று அட்டைப்பெட்டி பார்சல் அனுப்பினான். திறந்தேன். ஜார் இல்லாத மிக்ஸி. ஒரு கால் ஷூ. தேதி முடிந்த டானிக் நான்கு பாட்டில். சக்கரம் கழன்ற சூட்கேஸ். பல் போன சீப்பு, உண்மையாகவே. உருப்படியாக இருந்தது இரண்டு போர்வையும் ஒரு இஸ்திரிப் பெட்டியும். மீதியைத் தூக்கிப் போட நகராட்சி வண்டிக்காரரிடம் நான் கெஞ்ச வேண்டியிருந்தது. பார்சல் செலவு 900 ரூபாய் என்று அவன் சொன்னான். அந்த 900-ஐ அனுப்பியிருந்தால் ஒரு வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வாங்க உதவியிருக்கும்.

ஆனால் கொடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் தப்புதான். அதிலும் என் கதை இருக்கிறது.

சார் தவறி இரண்டு வருடமாகிறது. கடைசி ஒன்றரை வருடம் சக்கர நாற்காலியில்தான் இருந்தார். அவர் போன பிறகு அந்த நாற்காலியை மடித்துத் திண்ணை ஓரம் சாத்தினேன். யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கேட்டார்கள், நான்தான் கொடுக்கவில்லை. "பார்க்கலாம்" என்பேன். சாரல் பட்டுத் துருப்பிடிக்க ஆரம்பித்தது. வாக்கர், படுக்கைப்புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தை, அவருடைய எட்டுச் சட்டை, எல்லாம் இருந்தன. 11 மாதம். இரண்டு தெரு தள்ளி ஒரு நெசவாளர் பக்கவாதத்தில் விழுந்து, அவர் மனைவியும் மகனும் தூக்கித் தூக்கிக் கழிவறைக்குக் கொண்டுபோகிறார்கள் என்று பால்காரர் சொன்னார். அந்த 11 மாதத்தில் ஏழு மாதம் அவர் அப்படிக் கிடந்திருக்கிறார். என் நாற்காலி திண்ணையில் நனைந்துகொண்டிருந்தது.

சைக்கிள் கடையில் கொடுத்து எண்ணெய் போட்டு, சீட் துணியை மாற்றி, நானே தள்ளிக்கொண்டு போனேன். இருட்டின பிறகுதான். அந்த அம்மா வெளியே வந்து பார்த்தாள். நன்றி என்று சொல்லவில்லை. கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரேக் கொஞ்சம் லூசா கீது டீச்சர்" என்றாள். மகன் ஸ்பேனர் எடுத்துவந்து இறுக்கினான். நான் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வந்தேன். வாங்கும்போதே குறை சொன்னாளே என்று 1992-ல் இருந்த டீச்சர் நினைத்திருப்பாள். எனக்கு அன்று நன்றாகத் தூக்கம் வந்தது. அது இனிமேல் அவர்கள் நாற்காலி. பிரேக் லூசா என்று அவர்கள்தானே பார்க்க வேண்டும்?

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். வயதான பெற்றோரை வழியனுப்பிய வீடுகள் நம்மில் எத்தனை? அந்த வாக்கரும், கட்டிலும், கமோடு நாற்காலியும் எந்த மூலையில் இருக்கின்றன? அவைதான் இங்கே தேவை. கடையில் விலை கேட்டுப் பாருங்கள், கூலிக்கு நெய்கிறவரால் வாங்க முடியாது. ஓடுகிற தையல் மெஷின் தேவை. செயின் சரியாக இருக்கும் சைக்கிள் தேவை. பத்து, பன்னிரண்டாம் வகுப்பு கைடுகள் தேவை, பாடத்திட்டம் மாறுவதற்கு முன்னால். வேலை செய்யும் போன், சார்ஜரோடு. மருந்து மாத்திரை மீதியை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

போன் என்றதும் 2020 ஞாபகம் வருகிறது. மார்ச் கடைசியில் ஊரடங்கு. கல்யாணங்கள் நின்றன, பட்டு தேங்கியது, பாவு கொடுப்பதை நிறுத்தினார்கள். நான் பத்து கிலோ அரிசியோடு ஒரு வீட்டுக்குப் போனேன். அவர் எங்கள் பள்ளியில் படித்தவர்தான். "அரிசி ரேஷன்ல வந்துச்சு டீச்சர். பாவு எப்ப வரும்னு யாருகிட்டன்னா கேட்டுச் சொல்ல முடியுமா?" என்றார். அதை என்னால் சொல்ல முடியவில்லை. அவர் மகள் எட்டாம் வகுப்பு, ஆன்லைன் பாடத்துக்கு போன் இல்லை. என் மேஜை டிராயரில் இரண்டு வருடமாக ஒரு போன் கிடந்தது, பின்பக்கம் கீறல், மற்றபடி நன்றாக ஓடும். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனவளுக்கு டிராயர் ஞாபகம் வரவில்லை பாருங்கள். முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் கொண்டுபோவது நம் எல்லோருக்கும் பழக்கம்.

இரண்டு மூன்று பேர் தனியாக அனுப்பியதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். "கொடுத்தால் விற்றுவிடுகிறார்கள் டீச்சர்." விற்கட்டுமே. கொடுத்த பிறகு அது அவர்கள் பொருள். உங்கள் குக்கரை விற்று மகனுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டினால் உங்கள் குக்கருக்கு என்ன மானக்கேடு? "படம் எடுத்துப் போட்டால்தான் நாலு பேர் கொடுக்க முன்வருவார்கள்." பொருளைப் படம் எடுங்கள். துடைத்து வைத்த தையல் மெஷினைப் படம் எடுத்துப் போடுங்கள். வாங்குகிறவர் முகம் எதற்கு? அந்த வீட்டுப் பெண்ணை நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் கையிலும் போன் இருக்கிறது. "நன்றி சொல்லப் பழக வேண்டாமா, நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்?" இது சரியான அடி. ஆமாம், நான்தான் சொல்லிக் கொடுத்தேன், கைதட்டச் சொல்லி. தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். 34 வருடத்தில் எத்தனையோ கணக்கைத் தப்பாகப் போட்டு அடுத்த நாள் அழித்துத் திருத்தியிருக்கிறேன். இதையும் அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்துக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன், 15,000 என்றார்கள். பேனர், மைக் செட், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் இன்னும் எவ்வளவோ. மண்டபத்துக்காரர் தெரிந்தவர்தான், முன்பணத்தைத் திரும்ப வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு. அந்தப் பணத்துக்கு நம் ஊர் நெசவாளர்களிடமே நேராகச் சேலை எடுங்கள், கேட்ட விலைக்கு. உங்கள் அம்மாவுக்கோ மாமியாருக்கோ பொங்கலுக்கு எடுக்கத்தானே போகிறீர்கள்? பெண்பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. பீரோவில் மடிப்பிலேயே இற்றுப்போகிற பழைய பட்டுகள் உங்களிடம் இருக்கும், என்னிடம் 27 இருக்கிறது. அவற்றை யாருக்கும் தானம் செய்யாதீர்கள். வீட்டில் தறியில் பட்டு இருக்க, உங்கள் பழைய பட்டைக் கட்ட அவர்களுக்கு ஆசை இல்லை. சரிகை வாங்கும் கடையில் எடை போடுங்கள். நல்ல சரிகையில் வெள்ளி இருக்கிறது, காசு வரும். அந்தக் காசாகக் கொடுங்கள். நான் ஆறு சேலை எடுத்து வைத்துவிட்டேன். கல்யாணச் சேலையை இன்னும் எடுக்கவில்லை. அது முடியும்போது பார்க்கலாம்.

பொருள் கொடுக்கிறவர்கள் வருகிற ஞாயிறு, அடுத்த ஞாயிறு இரண்டு நாளும் காலை 9 மணியிலிருந்து என் வீட்டுக்குக் கொண்டு வரலாம். துணியானால் துவைத்து, பட்டன் தைத்து, மடித்து. குக்கரானால் புது கேஸ்கட் போட்டு. மிக்ஸியானால் ஜாரோடு, என் எதிரில் ஓட்டிக் காட்ட வேண்டும். நீங்களே மறுபடி உபயோகிக்கத் தயங்குவதைக் கொண்டு வந்தால் திருப்பி அனுப்புவேன், பழைய மாணவர் என்று பார்க்க மாட்டேன். எந்த வீட்டுக்கு எது தேவை என்று நானும் இன்னும் இரண்டு ஓய்வுபெற்ற டீச்சர்களும் போய்க் கேட்டு எழுதி வைத்திருக்கிறோம். அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கும், யாருக்கும் காட்ட மாட்டேன். கொண்டுபோய்க் கொடுக்க ஸ்கூட்டர் உள்ள இரண்டு பேர் வேண்டும். பேசாதவர்களாகப் பார்த்து அனுப்புங்கள்.

பெங்களூர் மருமகனே, இஸ்திரிப் பெட்டி ஒரு வீட்டுக்குப் போய்விட்டது. அந்த இன்னொரு கால் ஷூ கிடைத்தால் சொல்.